பெயின்ட் அடிக்காத சக்கரம்

ஈரத் துணியை நான்காவது முறையாகப் பிழிந்துவிட்டு அவர் மறுபடியும் காரின் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தார். துணி கறுத்ததே தவிர சக்கரம் வெளுக்கவில்லை.

கம்பெனியிலிருந்து காரோடு வந்த அலாய் சக்கரங்கள். வாங்கிய புதிதில் முகம் பார்க்கலாம் போல மின்னியவை. இப்போது மேல்பூச்சு உரிந்து, ஆரங்களின் இடுக்கில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. விளிம்பெல்லாம் கீறல். நடைபாதைப் பக்கத்து முன் சக்கரத்தில் மட்டும் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு நசுங்கி உள்வாங்கியிருந்தது.

கார் அவருடையதல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பு மகளுக்குத் திருமணம் ஆனபோது, அவள் வேலைக்குப் போய்வர அவர் வாங்கிக் கொடுத்தது. பத்து நாளைக்கு முன்பு அவள் அதைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "கொஞ்சம் ஓய்வு வேணும்பா" என்றாள். அவர் மேலே கேட்கவில்லை. அந்த வீட்டில் துருவித் துருவிக் கேட்கும் வழக்கம் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். தெருவில் எல்லோருக்கும் 'இன்ஸ்பெக்டர் சார்'. புதிதாகக் குடிவருகிறவர்கள் போலீஸ் என்று எண்ணிக்கொண்டு முதல் ஒரு மாதம் வண்டியை ஒழுங்காக நிறுத்துவார்கள். அவரும் அதைத் திருத்தியதில்லை. முப்பத்தோரு வருட வேலையில், கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. 'பயன்பாட்டுக்குத் தகுதியற்றது' என்று சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு எட்டு மாடி படியில் இறங்கி வருவார். கட்டட முதலாளிகள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். அட்டை இறங்கியதில்லை. அப்படிப்பட்டவர்தான் அன்று காலையில் ஒரு சக்கரத்தைக் கெஞ்சுவதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

காரணம், வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை. அன்று சம்பந்தி புதுக் கடை திறக்கிறார். நேற்று மாலை அவரே போன் செய்து, "மருமகள நீங்களே கூட்டிக்கிட்டு வந்துடுங்க சம்பந்தி. நாலு பேரு வர்ற இடம். கொஞ்சம் பார்க்கிற மாதிரி வாங்க" என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் முள். போன முறை அங்கே போயிருந்தபோது, மாப்பிள்ளையின் சித்தப்பா வாசலில் நின்று பல் குத்திக்கொண்டே சக்கரத்தைப் பார்த்து, "என்னங்க, காருக்குச் சொறி பிடிச்சிருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு ஓட்டுற அழகு மாமா. பிளாட்பாரத்துக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றான். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, எவ்வளவு நேரம்தான் அதையே தேய்ப்பீங்க? காபி ஆறுது" என்று வாசலுக்கு வந்தாள் மனைவி.

"இது தேய்ச்சுப் போற அழுக்கு இல்ல. கடையில கொடுத்து, பூச்செல்லாம் உரிச்சுப் புதுசா அடிக்கணும். இல்லேன்னா நாலு சக்கரத்தையும் மாத்தணும்."

"சக்கரம் எப்படி இருந்தா என்ன? உருண்டா போதாதா?"

"உனக்குத் தெரியாது. அங்க வாசல்ல நிக்கிறவன் மொதல்ல சக்கரத்தைப் பார்ப்பான். அப்புறம்தான் மூஞ்சியைப் பார்ப்பான்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு டம்ளரைத் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்தப் பத்து நாளாக அவள் இப்படித்தான், பாதி வாக்கியத்தில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

மகள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திடுக்கிட்டு அதைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஓசை நின்ற பிறகும் அவள் கண் அதை விட்டு அகலவில்லை.

"வீல் கடைக்குப் போறேம்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள பளபளன்னு ஆக்கிடலாம்" என்றார் அவர்.

"எத்தனை நாள் ஆகும்பா?" என்று அவள் சட்டென்று கேட்டாள்.

"ரெண்டு நாள்னு போன்ல சொன்னான்."

"ரெண்டு நாள்தானா?"

பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக்குத் திரும்ப அவசரம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். மனம் லேசானது. "சீக்கிரமே வாங்கிடலாம், கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார். கண்ணாடியில் அவள் உருவம் சிறுத்துக்கொண்டே போனது. அவள் கையசைக்கவில்லை.

சக்கரக் கடைக்காரருக்கு அந்தப் பகுதியில் 'வளையல்' என்று பட்டப்பெயர். நாள் முழுக்க வட்டம் வட்டமாக எதையாவது கையில் வைத்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர். ஐம்பது வயதிருக்கும். காது சற்று மந்தம் என்பதால் எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார்.

"அடிக்கலாமா, வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன் சார். மொதல்ல கழட்டிப் பார்த்துடுவோம். மேக்கப் போடுறதுக்கு முன்னாடி மொகத்தைக் கழுவணும் இல்ல?"

டயர்கள் கழன்றன. மூன்று சக்கரங்களை ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டிச் சுழற்றிப் பார்த்து, "வயசுதான் ஆயிருக்கு. ஆள் நல்ல ஆள்" என்று தட்டிக்கொடுத்து ஒதுக்கினார். விளிம்பு நசுங்கிய நான்காவதைச் சுழற்றியதும் உற்றுப் பார்த்தார். மெஷினை நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, உட்பக்கத்தைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போன்ற எதையோ தடவினார். சிறிது நேரம் கழித்து அதையும் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவினார். வெள்ளைத் தூளில் தலைமுடி போல ஒரு கறுத்த கோடு மெதுவாக ஊறி எழுந்தது.

"பார்த்தீங்களா?"

அவர் பார்த்தார். கம்பியில் இழை அறுந்திருப்பதைக் கண்டுபிடித்த கண்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தொட்டார்.

"விரிசல்" என்றார்.

"உள்பக்கம். வெளியிலேர்ந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. வேகத்துல போகும்போது ஒரு பள்ளம் போதும், பொளந்துடும். மத்த மூணையும் அடிச்சுத் தர்றேன். இதை அடிக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கெழமைக்கு நாலும் ஒரே மாதிரி வேணும்பா. இதுக்கு ஜோடி புதுசு கெடைக்குமா?"

"கம்பெனியில இந்த டிசைன நிறுத்திட்டாங்க. தேடணும், மாசக் கணக்கு ஆகும். அதுவரைக்கும் டிக்கியில இருக்கிற ஸ்டெப்னியை மாட்டிக்கலாம். கறுப்பு இரும்பு வீல். அழகு இருக்காது, ஆள் பத்திரமா இருப்பாங்க."

மூன்று பளபளப்பு, ஒரு கறுப்பு. சித்தப்பா பல் குத்திக்கொண்டு நிற்பது அவர் கண்முன் வந்தது. சொறி போய் இப்போது ஒற்றைக்கண் என்பார்கள்.

"வெல்டு வெச்சு, மேல பூசிட்டா?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், வண்டி யார் ஓட்டுறாங்க?"

"என் பொண்ணு. ஓரமா நிறுத்தும்போது இடிச்சிருப்பா. கவனம் பத்தாது."

"அவங்க மேல பழி போடாதீங்க" என்று கடைக்காரர் வழக்கம்போல உரக்கவே சொன்னார். "நிறுத்தும்போது உரசினா விளிம்பு சுத்திலும் கீறும், பூனை பிராண்டின மாதிரி. இது அப்படி இல்ல. ஓடிக்கிட்டிருந்த வண்டி ஒரே அடியா பிளாட்பாரக் கல்லுல போய் மோதியிருக்கு. டயரோட தோள்பட்டையும் கிழிஞ்சிருக்கு பாருங்க. ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் இப்படித் திருப்ப மாட்டாங்க. தூங்கியிருக்கணும். இல்லேன்னா பக்கத்துல இருந்தவங்க ஸ்டியரிங்க இழுத்திருக்கணும். நான் கண்ணால பார்க்கல. சக்கரம் சொல்றதைச் சொல்றேன்."

பக்கத்தில் இருந்தவர்கள். அந்தச் சொல்லை அவர் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டார். வாங்கிவிட்டால் அதன் பின்னால் வேறு பல சொற்கள் வரிசையில் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெப்னியை மாட்டச் சொல்லி, மற்ற மூன்று சக்கரங்களைப் பழையபடியே பூட்டச் சொன்னார். விரிசல் விட்டதை டிக்கியில் ஏற்றினார்.

"அடுத்த தெருவுக்குத்தான் போறீங்க" என்றார் வளையல். "அங்க பண்ணுவாங்க. நான் தடுக்கல. ஆனா சார், டயர் கடைன்னா எல்லாரும் மேல் பக்கத்தைத்தான் காட்டுவாங்க. பாரத்தைத் தாங்குறது உள்பக்கம்."

அவர் போனது அடுத்த தெருவுக்குத்தான். மானம் போய்விடும் என்ற பயம் முப்பத்தோரு வருட நேர்மையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

அந்தக் கடையில் கேள்வி கிடையாது. பட்டறைக்காரன் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "ரெண்டு மணி நேரம் சார். வெல்டு வெச்சு, இழைச்சு, பட்டி பூசி அடிச்சா, பெத்தவனுக்கே அடையாளம் தெரியாது." கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டே சிரித்தான். "விக்கிற வண்டிதானே? அப்புறம் என்ன, வாங்குறவன் தலையெழுத்து."

"விக்கிற வண்டி இல்ல" என்றார் அவர். "என் பொண்ணு ஓட்டுற வண்டி."

கிரைண்டர் ஓடவில்லை. பட்டறைக்காரன் அதை மெதுவாகப் பெஞ்சில் வைத்தான்.

"சொந்தப் பொண்ணா சார்?"

"ஆமா."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றான் அவன். "ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேணும் இல்ல?"

திரும்பி வரும் வழியில் அவர் காரை மெதுவாகவே ஓட்டினார். எந்த நடைபாதைக் கல்லைப் பார்த்தாலும் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவன் ஹாரனை அலற விட்டான். போன வருடம் வந்த ஒரு போன் அவருக்கு நினைவு வந்தது. "அப்பா, இங்க எனக்குக் கொஞ்சம்..." என்று மகள் ஆரம்பித்திருந்தாள். கொஞ்சம் என்னவென்று அவர் கேட்கவில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணுங்க அனுசரிச்சுப் போவாங்கம்மா. நம்ம குடும்பத்துல யாரும் பாதியில திரும்பி வந்ததில்ல" என்றார். அவள் "சரிப்பா" என்றாள். அந்தச் 'சரிப்பா'வை அன்று அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் உறைத்தது. எத்தனை நாள் ஆகும் என்று அவள் காலையில் கேட்டது அவசரத்தில் அல்ல. இன்னும் எத்தனை நாள் கிடைக்கும் என்றுதான் கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னறையின் நடுவில், துடைத்து வைத்திருந்த தரையில் போட்டார். எந்தப் பொருளும் இடம் மாறக்கூடாத அறை அது. மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். மகள் கதவோரம் நின்றாள்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சக்கரத்தின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

"இங்க வாம்மா. இந்த அடி எப்படிப் பட்டது?"

"நான்தான்பா... சரியாப் பார்க்காம..."

"உனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தவன் நான். நீ அப்படித் திருப்ப மாட்டே. சக்கரமே சொல்லுது. பக்கத்துல யார் இருந்தது?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர்தான்பா" என்றாள் மகள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "ஆபீஸ்லேர்ந்து கூட்டிக்கிட்டு வந்தேன். யாரோட பேசினே, ஏன் லேட்டுன்னு ஆரம்பிச்சார். நான் பதில் சொல்லல. பதில் சொன்னாலும் அடி, சொல்லலேன்னாலும் அடி. 'ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்'னு சொல்லிக்கிட்டு ஸ்டியரிங்க அவர் பக்கம் இழுத்தார். கல்லுல மோதி நின்னுச்சு. எறங்கிப் பார்த்துட்டு, 'உங்கப்பன் கொடுத்த சக்கரம் போச்சு'ன்னு சிரிச்சார்."

"அது எப்போ நடந்தது?"

"நாலு மாசம் ஆச்சு. அதோட நிக்கலப்பா."

அவள் சட்டைக் கையைச் சற்று மேலே இழுத்தாள். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்தச் சட்டைக் கையைத் தானே கீழே இறக்கிவிட்டார்.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"வந்த அன்னிக்கே சொல்லிட்டா" என்று அவள் அழுதாள். "உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? மானம் மரியாதைன்னு நிமிர்ந்தே நிக்கிறவர்கிட்ட யார் குனிஞ்சு பேச முடியும்? நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்தான் வாயை அடைச்சேன்."

ஒரு வீட்டின் பெருமை, அந்த வீட்டுப் பெண் தன் காயத்தைச் சொல்ல முடியாத அளவுக்கு உயரமாக வளர்ந்துவிட்டிருந்தது. அதைக் கட்டி எழுப்பியவர் தாமே என்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

மேசைமேல் கவிழ்ந்திருந்த போன் அதிர்ந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அது நின்றது. உடனே அவர் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. சம்பந்தி.

"எடுக்காதீங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் மனைவி.

அவர் எடுத்தார்.

"என்ன சம்பந்தி, ஞாயித்துக்கெழமை காலைல வந்துடுவீங்க இல்ல? பையன் கூப்பிட்டா மருமக எடுக்க மாட்டேங்குதாம். கொஞ்சம் சொல்லி வைங்க."

"வர மாட்டோம்" என்றார் அவர்.

"என்னது?"

"என் பொண்ணு அங்க வர மாட்டா. உங்க பையன் ஓடுற வண்டியில ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்து அவளைக் கொல்லப் பார்த்திருக்கான். தினமும் கை நீட்டியிருக்கான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எதிர்முனையில் குரல் தணிந்து, குழைந்து வந்தது. "புருஷன் பொண்டாட்டின்னா முன்ன பின்ன இருக்கும் சம்பந்தி. இளரத்தம். நாம பெரியவங்க மூடி மறைச்சு, ஒட்ட வெச்சு அனுப்பணும். நாலு பேரு முன்னாடி உங்க குடும்ப கௌரவம் என்ன ஆகும்? யோசிச்சீங்களா?"

காலை வரை அந்தக் கேள்விக்கு அவர் நடுங்கியிருப்பார். இப்போதும் நடுக்கம் இருந்தது. ஆனால் குரல் எட்டாவது மாடியில் சிவப்பு அட்டை மாட்டிய ஆளின் குரலாக இருந்தது.

"இன்னிக்குக் காலைலேர்ந்து அதைத்தான் யோசிச்சேன் சம்பந்தி. விரிசல் விட்ட சக்கரத்துக்குப் பெயின்ட் அடிச்சு, அதுல என் பொண்ண ஏத்தி உங்க வாசலுக்கு அனுப்பறதுக்கு இருந்தேன். முன்னபின்ன தெரியாத ஒரு பட்டறைக்காரன் மாட்டேன்னுட்டான். அவனுக்கு இருந்த கௌரவம்கூட எனக்கு இல்லாமப் போச்சு. ஒண்ணு கேட்டுக்கங்க. அடி வாங்கின பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்தா குடும்ப மானம் போகாது. திரும்பி வர வழி இல்லேன்னு பெத்தவன் கதவைச் சாத்தினாத்தான் போகும்."

"அப்ப நாங்க வேற மாதிரி பேச வேண்டியிருக்கும்."

"பேசுங்க. நாங்களும் நாளைக்குக் காலைல புகார் எழுதிக் கொடுக்கிறோம்."

அவர் போனை வைத்தார். வேற மாதிரி என்றால் எந்த மாதிரி, மாப்பிள்ளை இங்கே வந்து நின்றால் என்ன செய்வது, தெரு என்ன சொல்லும் என்ற கவலைகள் மூவர் முகத்திலும் மாறி மாறி ஓடின. எதுவும் அன்றே தீர்ந்துவிடப் போவதில்லை. மனைவி எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

மகள் சக்கரத்தைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனாள்.

"அதைத் தொடைக்காதே" என்றார் அவர். "ஒரு தூசியும் தட்டாதே. அந்த நசுங்கலும் விரிசலும் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு அதுவும் நம்மளோட வருது. நீ சொல்றதுக்கு அதுதான் சாட்சி. வளையல்கிட்டயும் எழுதி வாங்கிடலாம்."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். பழைய பழக்கத்தில் தேதியை மூலையில் போட்டுக் கோடிழுத்தார். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று ஒவ்வொன்றாக அவளைக் கேட்டு எழுதத் தொடங்கினார். இடையில் ஒருமுறை கூட 'அனுசரி' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

இரண்டாம் பக்கம் முடியும் நேரத்தில் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்பா, நான் இங்க எத்தனை நாள்..."

அவர் பேனாவை மூடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"விருந்தாளிக்குத்தாம்மா நாள் கணக்கு. இது உன் வீடு."

மறுநாள் காலை தெருவே பார்க்க அந்தக் கார் வாசலில் நின்றது. பூச்சு உரிந்த மூன்று சக்கரங்கள், கறுத்த இரும்புச் சக்கரம் ஒன்று. எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "என்ன இன்ஸ்பெக்டர் சார், சக்கரம் ஜோடி மாறிப் போச்சு?" என்றார்.

"ஆமாங்க" என்றார் அவர், டிக்கியில் விரிசல் விட்ட சக்கரத்தை ஏற்றிக்கொண்டே. "பார்க்க நல்லா இருக்கணும்னு இத்தனை நாள் நினைச்சேன். உள்ளே இருக்கிறவங்க பத்திரமா இருக்கணும்னு இப்பதான் புரிஞ்சுது."

மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் ஏறி, கைகளைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.